7. தூணில் ஏறும் மிளகு

வீட்டில் மிளகுக் கொடி வைத்திருப்பவர்களிடம் அதிகமாகக் கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு. "கொடி தளதளன்னு நல்லாத்தான் இருக்கு, ஆனா காய்க்கவே மாட்டேங்குது." போய்ப் பார்த்தால் கொடி மதில் சுவரில் சாய்ந்து மறுபக்கம் தொங்கிக்கொண்டிருக்கும். இல்லையென்றால் தொட்டியை விட்டு இறங்கி நாலாபக்கமும் தரையில் ஓடியிருக்கும். இலை கரும்பச்சையாக இருக்கும். எருவிலும் தண்ணீரிலும் குறை இருக்காது. ஏறுவதற்குப் பிடிமானம் இல்லாததுதான் குறை.

மிளகு காய்ப்பதற்கும் அது மேல்நோக்கி ஏறுவதற்கும் உள்ள உறவை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஒரே கொடியில் வெவ்வேறு குணமுள்ள தண்டுகள் உண்டு. அடியிலிருந்து கிளம்பித் தரையோடு போவது ஓடுகொடி. கணுவுக்குக் கணு இடைவெளி அதிகமாக, மெலிந்து நீண்டு போகும். அதில் பூ வராது. மரத்தையோ தூணையோ பற்றி மேலே போவது ஏறுகொடி. இதன் ஒவ்வொரு கணுவிலும் குட்டையான பற்றுவேர்கள் கொத்தாகக் கிளம்பி, எதிரே உள்ள பரப்பைக் கவ்விக்கொள்ளும். கவ்வியபடி கொஞ்ச உயரம் போன பிறகு, இலைக்கணுவிலிருந்து பக்கக் கிளைகள் வெளியே நீளும். இந்தப் பக்கக் கிளைகளுக்குப் பற்றுவேர் கிடையாது. ஆனால் மிளகுச் சரம் இவற்றில் மட்டுமே வரும். ஏறிக்கொண்டிருந்த கொடி பிடி நழுவி அந்தரத்தில் தொங்க ஆரம்பித்தால், மறுபடி ஓடுகொடி போலவே மெலிந்து நீளுமே தவிர, காய்க்கும் கிளை விடாது.

ஆகவே, மிளகை நிமிர்த்தி வளர்ப்பதை இடம் மிச்சம் பிடிக்கும் வழியாக மட்டும் பார்க்காதீர்கள். இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு பச்சைத் தூண் எழும்புவது நகரத்து வீடுகளுக்குப் பெரிய வசதிதான். ஆனால் பக்கக் கிளை எத்தனை, சரம் எத்தனை என்பதையெல்லாம் தீர்மானிப்பது பிடிமானம். இந்த அத்தியாயத்தில் கன்றைவிடத் தூணுக்கே அதிகப் பக்கங்கள் ஒதுக்கியிருப்பது அதனால்தான்.

எதில் ஏற்றுவது

கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் தாண்டிக்குடிப் பக்கத்திலும் காப்பித் தோட்டத்தின் நிழல் மரங்களில்தான் மிளகு ஏறுகிறது. பெரும்பாலும் சில்வர் ஓக். மரம் உயர உயரக் கொடியும் உயரும். பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு ஏறுவார்கள். பழகிய ஆட்களுக்கே ஆபத்தான வேலை அது. வீட்டுத் தோட்டத்துக்கு அந்த உயரம் வேண்டாம். தரையில் நின்றோ, ஒரு முக்காலியில் ஏறியோ கைக்கு எட்டும் உயரம் போதும். இரண்டிலிருந்து இரண்டரை மீட்டர்.

வீட்டில் ஏற்கெனவே தென்னையோ பாக்கோ இருந்தால் அதுவே நல்ல பிடிமானம். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் இப்போது மரத்துக்கு மரம் மிளகு ஏறியிருப்பதைப் பார்க்கலாம். ஆனால் தென்னையின் தூரை ஒட்டிக் குழி எடுக்கக் கூடாது. அங்கே தென்னையின் வேர்கள் அடர்ந்திருக்கும், கன்று எழும்பாது. ஒரு மீட்டராவது தள்ளி நட்டு, கொடியைத் தரையோடு கொண்டுபோய் மரத்தில் ஏற்றிவிடுங்கள். காய் பறிக்க ஆள் ஏறும் மரமென்றால் அவர் கால் வைக்கும் பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தில் ஏற்றுவது நல்லது. பலா மரமும் நன்றாக ஒத்துவரும். கொய்யா, தைலம் போலப் பட்டை உரியும் மரங்கள் ஆகாது. பட்டையோடு கொடியும் கழன்று வந்துவிடும். முருங்கைக் கிளை காற்றுக்கு முறியும்.

புதிதாக ஒரு தாங்குமரம் நட விரும்புபவர்களுக்கு முன்பெல்லாம் கல்யாண முருங்கையைத்தான் சொல்வோம். போத்தை வெட்டி நட்டால் உடனே துளிர்க்கும், இலை உதிர்ந்து எருவாகும். ஆனால் கடந்த 20 ஆண்டுகளாக ஒரு சின்னஞ்சிறு குளவி அதன் குருத்திலும் இலைக்காம்பிலும் முடிச்சு முடிச்சாக வீங்க வைத்து மரத்தையே பாழாக்கிவருகிறது. அதனால் இப்போது கிளைரிசிடியா போத்து நடுவதே பாதுகாப்பு. மிளகு நடுவதற்கு ஓராண்டு முன்பே அதை நட்டுவிட வேண்டும். பிறகு ஆண்டுக்கு இரண்டு முறையாவது கிளை கழித்து வெளிச்சம் விட வேண்டும்.

மரமே இல்லாத வீடுகளுக்குச் செயற்கைத் தூண். இது புதிய யோசனை அல்ல. உலகிலேயே அதிகம் மிளகு விளைவிக்கும் வியட்நாமில் செங்கல்லால் கட்டிய தூண்களில் மிளகு ஏற்றுகிறார்கள். மலேசியாவின் சரவாக்கில் உளுக்காத இரும்புமரக் கம்பங்களை நடுவது பழைய வழக்கம். நம் ஊரில் சிமெண்ட் கம்பமும் பிவிசி குழாயும் எளிதாகக் கிடைக்கின்றன. இரண்டிலும் ஒவ்வொரு சிக்கல். சிமெண்ட் கம்பம் சித்திரை வெயிலில் சுடும், பற்றுவேர் கருகும். பிவிசி குழாய் வழுவழுப்பானது. வேருக்குப் பிடி கிடைக்காது. இரண்டையும் சரிசெய்ய ஒரே வழி, தென்னைநார்க் கயிற்றை அடியிலிருந்து நுனிவரை இடைவெளி விடாமல் நெருக்கமாகச் சுற்றிவிடுவது. கயிறு தண்ணீரைப் பிடித்துவைக்கும், சூட்டைத் தடுக்கும், சொரசொரப்பாகவும் இருக்கும். மெல்லிய நைலான் கயிறு இதற்கு உதவாது. நாரும் இரண்டு மூன்று ஆண்டுகளில் இற்றுவிடும். அதற்குள் கொடி தூணைச் சுற்றிப் பின்னிக்கொண்டிருக்கும்.

வீட்டுச் சுவரில் ஏற்றலாமா என்று பலர் கேட்பதுண்டு. ஏறும். ஆனால் சுவர் ஈரம் வாங்கும், வண்ணப்பூச்சு உரியும், மேற்குச் சுவரென்றால் கொடி வெந்துவிடும். மதில் சுவரானாலும் அதிலிருந்து ஒன்றரை அடி தள்ளித் தூண் நடுவதே நல்லது.

கம்பி வலைத் தூண்

வீட்டுக்கு ஏற்றது என்று நான் முதலில் பரிந்துரைப்பது கம்பி வலைத் தூணைத்தான். இதன் பிறப்பிடம் கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம். மிளகு நாற்றுகளை வேகமாகப் பெருக்குவதற்காக அவர்கள் வடிவமைத்த முறை இது. இரண்டு மீட்டர் உயரம், 30 சென்டிமீட்டர் அகலம் உள்ள வலைத் தூணில் மட்கிய தென்னைநார்க் கழிவையும் மண்புழு உரத்தையும் 3:1 என்று கலந்து நிரப்பி, சுற்றிலும் எட்டுப் பத்துக் கொடிகளை ஏற்றுகிறார்கள். ஈரமான தூணுக்குள் ஒவ்வொரு கணுவும் வேர்விட்டுவிடுவதால், கணுக்கணுவாக வெட்டினால் ஒவ்வொன்றும் ஒரு நாற்று. நாற்றங்காலுக்காக வந்த இந்த முறையைச் சில மாறுதல்களோடு காய்ப்புக்கும் பயன்படுத்தலாம். மற்றத் தூண்களில் கொடி வெளியே மட்டும் ஒட்டிக்கொள்ளும். இதிலோ வேர் உள்ளேயே இறங்கிச் சாரத்தையும் ஈரத்தையும் எடுத்துக்கொள்ளும்.

செய்முறை இதுதான். பிளாஸ்டிக் பூச்சுள்ள வெல்டு மெஷ் ஒரு மீட்டர் அகலத்தில், இரண்டரை மீட்டர் நீளத்துக்கு வாங்குங்கள். ஓட்டை விரல் நுழையும் அளவுக்கு இருக்கட்டும். அதை நீளவாக்கில் நிறுத்தி அகலத்தைச் சுருட்டினால், சில சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ள, சரியாக 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழல் கிடைக்கும். ஏறிய இடத்தைக் கட்டுக்கம்பியால் சாண் இடைவெளியில் முறுக்கிக் கட்டிவிடுங்கள். கம்பி முனைகளை உள்பக்கமாக மடக்க மறக்க வேண்டாம். பிறகு கொடியைத் தடவித் தடவிக் கட்டப்போவது நீங்கள்தான்.

குழலுக்குள் சுற்றிலும் பழைய நிழல்வலையை உள்துணிபோல விடுங்கள். அது நார்க்கழிவு கொட்டாமல் பிடிக்கும், வேர் நுழையவும் விடும். சாக்கு இரண்டு மழையில் மக்கிவிடும். பிளாஸ்டிக் தாள் கூடவே கூடாது, வேர் நுழையாது.

நடுவில் ஒன்றரை அங்குல பிவிசி குழாய் ஒன்றைத் தூணின் முழு உயரத்துக்கும் நிறுத்த வேண்டும். இதுதான் தூணுக்குத் தண்ணீர் ஊற்றும் வழி. அடிப்பக்கத்தை மூடியால் அடைத்துவிடுங்கள். குழாயில் துளை போடுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. தண்ணீர் தானாகவே அடிக்கு ஓடிவிடும் என்பதால் மேல்பாதியில் நெருக்கமாகவும் கீழ்ப்பாதியில் தள்ளித் தள்ளியும் சிறு துளைகள் போடுங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி துளையிட்டால் மேலே காய்ந்து, அடியில் சொதசொதவென்று நிற்கும். அடி ஈரம் மிளகுக்கு எமன். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

நிரப்புவதற்கு முன் நார்க்கழிவைக் கழுவ வேண்டும். புதுக் கழிவில் உப்பும் துவர்ச்சாறும் இருக்கும். தொட்டியில் ஊறவைத்துப் பிழிந்தால் காப்பி நிறத்தில் தண்ணீர் இறங்கும். அந்த நிறம் வெளிறும்வரை தண்ணீரை மாற்றுங்கள். பிறகு மூன்று பங்கு நார்க்கழிவு, ஒரு பங்கு மண்புழு உரம், அதோடு ஒரு கிலோ வேப்பம்பிண்ணாக்கு, நோயை அடக்கும் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி அல்லது ஹார்சியானம் பொடி 50 கிராம். எல்லாவற்றையும் கலந்து, கையால் பிடித்தால் உருண்டு நிற்கும் ஈரத்தில், ஒரு வாரம் சாக்கு மூடி நிழலில் வைத்துவிட்டு நிரப்புங்கள். ஓரடிக்கு ஒருமுறை லேசாகத் தட்டி அமுக்கிக்கொண்டே போக வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு கலவை இறங்கும். மேலே காலியாகும் இடத்தைத் தவறாமல் நிரப்பிக்கொண்டு வாருங்கள்.

தரையில் நிறுத்துவதென்றால் அரை மீட்டர் ஆழத்துக்குக் குழி எடுத்துப் புதைத்து, தூணின் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பியோ கல்நார்க் குழாயோ நட்டுச் சேர்த்துக் கட்டுங்கள். மொட்டைமாடி என்றால் எடையை யோசியுங்கள். இரண்டு மீட்டர் தூணுக்குள் ஏறத்தாழ 140 லிட்டர் கலவை போகும். நனைந்த பிறகு அது நூறு கிலோவைத் தாண்டிவிடும். அடியில் கட்டடத்தின் தூணோ உத்தரமோ ஓடுகிற இடத்தின் மேல் வைப்பதே சரி. மாடியில் இன்னொரு எதிரி காற்று. ஐப்பசி கார்த்திகைப் புயலில் இரண்டு மீட்டர் உயரத் தூண் பாய்மரம் போல நிற்கும் என்பதால், கைப்பிடிச் சுவரோடு இரண்டு இடத்திலாவது இழுத்துக் கட்டியே ஆக வேண்டும். மாடியில் தூணை நிறுத்தும் அடித்தொட்டிக்குக் குறைந்தது 60 லிட்டர் கொள்ளளவும், அடியில் நான்கைந்து வடிகால் துளைகளும் வேண்டும்.

கன்று வாங்கும்போது

நர்சரியில் "மிளகுக் கன்று இருக்கா?" என்று மட்டும் கேட்டால் கையில் கிடைத்ததைக் கொடுத்துவிடுவார்கள். "அண்ணே, இது என்ன ரகம்? ஓடுகொடியில வெட்டினதா, ஏறுகொடித் தலைப்பா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஓடுகொடிக் கன்றுதான் கிடைக்கும். தவறில்லை. பற்றி ஏறத் தொடங்கினால் மூன்றாம் ஆண்டில் காய்ப்புக்கு வரும். வலைத் தூண் முறையில் எடுத்த, பக்கக் கிளையோடு கூடிய தலைப்புக் கன்று கிடைத்தால் விடாதீர்கள். அது சீக்கிரமே சரம் விடும். பக்கக் கிளையை மட்டும் வெட்டி வேர்பிடிக்க வைத்த கன்று தூணுக்கு உதவாது. அது ஏறவே ஏறாது, புதராகத்தான் நிற்கும்.

ரகத்தைப் பொறுத்தவரை வீட்டுக்கு இரண்டு பெயர் தெரிந்தால் போதும். பன்னியூர்-1, கண்ணூர் மாவட்டத்துப் பன்னியூர் மிளகு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1971-இல் வெளிவந்த முதல் கலப்பின ரகம். நீளமான சரம், பருத்த மணி. ஆனால் வெளிச்சம் வேண்டும்; அடர்ந்த நிழலில் காய்ப்பு குறைந்துவிடும். மொட்டைமாடிக்கும் திறந்த முற்றத்துக்கும் இதுவே பொருத்தம். கரிமுண்டா கேரளத்தின் பழைய நாட்டு ரகம். சரம் சின்னது, ஆனால் நிறைய விடும், நிழலையும் தாங்கும். மாமரமோ பலாவோ கவிந்திருக்கும் கொல்லைப்புறத்துக்கு இதை வையுங்கள்.

கன்றில் பார்க்க வேண்டியது இலையின் அழகை அல்ல. பையின் அடித்துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கிறதா, தண்டின் அடியில் கருப்பு நிறம் எங்காவது இருக்கிறதா என்பதைத்தான். தண்டு கருத்த கன்று இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதன் மண்ணோடு நோயும் உங்கள் தோட்டத்துக்கு வந்துவிடும்.

நடவும் கட்டும்

கன்னியாகுமரி, தென்காசி, பொள்ளாச்சி போலத் தென்மேற்குப் பருவமழை வாங்கும் ஊர்களில் ஆனி, ஆடியில் நடலாம். சென்னையிலும் டெல்டாவிலும் புரட்டாசிக் கடைசி. வெயில் தணிந்திருக்கும், பின்னாலேயே மழை வரும். தூணின் எந்தப் பக்கம் நடுவது என்பது முக்கியம். வடக்கோ கிழக்கோ பார்த்து நடுங்கள். தெற்கிலும் மேற்கிலும் பிற்பகல் வெயில் நேராக விழுந்து இளங்கொடியை வாட்டும். கொடி வளர்ந்து தன் இலையாலேயே தூணை மூடிய பிறகு மற்றப் பக்கங்களுக்கும் திருப்பிக்கொள்ளலாம்.

ஒன்றரை அடி கனசதுரக் குழியில் மேல்மண், மட்கிய தொழுவுரம், மணல் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்பி, தரைமட்டத்தைவிடக் கொஞ்சம் மேடாகவே விடுங்கள். காய்ப்புத் தூண் ஒன்றுக்கு மூன்று கன்று போதும். நாற்றங்காலில் வைப்பதுபோல எட்டுப் பத்து வைத்தால் ஒன்றின் இலையை ஒன்று மறைத்துக்கொண்டு எதுவுமே ஒழுங்காகக் காய்க்காது. கன்றின் அடிக்கணு ஒன்று மண்ணுக்குள் போகும்படி, கொடி தூணை நோக்கிச் சாய்ந்திருக்கும்படி நடுங்கள்.

இனி மிளகு வளர்ப்பிலேயே பொறுமை வேண்டிய வேலை. புதுக் கொடியின் நுனிக் கணுவை உற்றுப் பாருங்கள். இலைக்கு அடியில் வெளிர்பச்சையாகச் சில மொட்டுகள் முள்போல எழும்பியிருக்கும். அவைதான் பற்றுவேர்கள். ஈரமான பரப்பு பட்டால் சில நாட்களில் பரவி ஒட்டிக்கொள்ளும். படாவிட்டால் நுனி கருத்துக் காய்ந்துவிடும். அந்தக் கணு மறுபடி ஒட்டுவது கடினம். அதனால் கொடி வளர வளர, கட்டப்படாத கணு ஒன்றுகூட இல்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது கொடியை வருடிப் பார்த்து, விலகி நிற்கும் கணுவை வாழைநாரால் தூணோடு அணைத்துக் கட்டுங்கள். முடிச்சு தண்டின் மேல் விழாமல் தூணின் பக்கம் விழ வேண்டும். இறுக்கமும் கூடாது, தண்டு பருக்கும். பிளாஸ்டிக் டை போட்டால் கழற்ற மறந்துவிடுவோம், அது தண்டை அறுத்துவிடும். வாழைநார் தன் வேலை முடிந்ததும் தானே இற்றுப்போகும்.

முதல் ஆண்டு முடிவில் சிலருக்குக் கொடி ஒற்றைக் கயிறுபோல நேரே மேலே போயிருக்கும். அடியில் பக்கக் கிளையே இருக்காது. அப்படியே விட்டால் கடைசிவரை அடி மொட்டையாகத்தான் இருக்கும். மனதைத் திடப்படுத்திக்கொண்டு, பத்துக் கணு உயரத்தில் தலைப்பைக் கிள்ளிவிடுங்கள். கீழ்க்கணுக்களிலிருந்து புதிதாக இரண்டு மூன்று ஏறுகொடிகள் கிளம்பும். அவற்றைத் தூணைச் சுற்றிப் பிரித்துக் கட்டுங்கள். சரவாக்கில் இப்படித் திரும்பத் திரும்ப வெட்டித்தான் கம்பம் முழுவதையும் அடர்த்தியாக்குகிறார்கள். வெட்டிய தலைப்பும் வீணல்ல, அடுத்த தூணுக்குக் கன்று. கொடி தூணின் உச்சியைத் தொட்டதும் இதேபோலக் கிள்ளிவிட வேண்டும். உச்சிக்கு மேல் போனால் தொங்கும், தொங்குவது காய்க்காது.

அடியிலிருந்து கிளம்பும் ஓடுகொடிகளை மண்ணில் படரவிடாமல் அவ்வப்போது வெட்டிவிடுங்கள். கன்று எடுக்க வேண்டுமானால் மட்டும் மார்கழியில் இரண்டு மூன்றைச் சுருட்டி, மண் படாமல் ஒரு குச்சியில் மாட்டிவைத்து, மாசியில் இரண்டு மூன்று கணுத் துண்டுகளாக வெட்டிப் பையில் நடலாம்.

தண்ணீரும் சரமும்

மிளகு ஈரத்தை விரும்பும். தேங்கிய தண்ணீரை ஒருநாளும் தாங்காது. தூணுக்குக் கோடையில் ஒன்றுவிட்டு ஒருநாள் நடுக்குழாயில் ஊற்றுங்கள். அடி மண்ணுக்கு விரலை விட்டுப் பார்த்து, ஓரங்குல ஆழம் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றினால் போதும். உப்புத்தண்ணீர் ஆகாது. கடலோர ஊர்களில் ஆழ்குழாய் நீரை ஊற்றி இலை ஓரம் கருகினால் காரணம் அதுதான். மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்துங்கள். மொட்டைமாடியில் பங்குனி முதல் ஆனி பிறக்கும்வரை 50 சதவீத நிழல்வலை மேலே இருக்கட்டும். தரையிலோ கீற்றுத் தட்டி போதும்.

காய்ப்புக்கு வந்த கொடியில் ஒரு நுட்பம் உண்டு. சித்திரை, வைகாசியில் தண்ணீரைக் குறைக்க வேண்டும். கொடி வாடக் கூடாது, துளிர்க்கவும் கூடாது, அந்த அளவுக்கு. அதன் பிறகு முதல் நல்ல மழை விழுந்ததும் பக்கக் கிளைகளெல்லாம் ஒரே சமயத்தில் துளிர்விடும். புதிய இலை ஒவ்வொன்றுக்கும் எதிரே, விளக்குத் திரியைப் போல மெல்லிய சரம் ஒன்று இறங்கும். கோடை முழுக்கச் சீராகத் தண்ணீர் விட்டால் சரம் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். பறிப்பதும் அப்படியே இழுத்துக்கொண்டு போகும்.

சரத்தை அருகில் வைத்துப் பார்த்தால் இதழே இல்லாத பூக்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். தேனீயை எதிர்பார்க்கும் பூ அல்ல இது. மழைத்துளி சரத்தின் மேலிருந்து நுனிக்கு வழியும்போது மகரந்தத்தையும் கூடவே இறக்கிக்கொண்டு போகும். மணி பிடிக்க அது பெரிதும் உதவுகிறது. சரம் இறங்கிய பிறகு மழை சில நாட்கள் பொய்த்தால் சரம் உதிர்வதும் ஈரக்குறைவால்தான். மலைத்தோட்டக்காரர் அப்போது வானத்தைத்தான் பார்க்க வேண்டும். வீட்டுத் தூண் வைத்திருக்கும் உங்களுக்கு அந்த நிலைமை இல்லை. கைத்தெளிப்பானில் தண்ணீர் பிடித்து, காலை வெயில் ஏறுவதற்கு முன் சரங்கள் நனைந்து சொட்டும்படி தெளியுங்கள். மழை இல்லாத நாளெல்லாம் தெளியுங்கள். சமவெளியில் மிளகு வைத்து மணி பிடிக்கவில்லை என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தத் தெளிப்பைத்தான்.

உரத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். மூன்றாம் ஆண்டிலிருந்து கொடிக்கு ஆண்டுக்குப் பத்துக் கிலோ மட்கிய தொழுவுரத்தை, மழை தொடங்கும்போது, தண்டிலிருந்து ஓரடி தள்ளி வட்டமாக இட்டு மண் அணையுங்கள். வேரைக் கொத்திவிடக் கூடாது. மிளகு வேர் மேலாகத்தான் ஓடும். அதோடு வேப்பம்பிண்ணாக்கு ஒரு கிலோ. மேலே காய்ந்த இலை மூடாக்கு, ஆனால் தண்டை ஒட்டி வேண்டாம்.

வாடல் நோய்

மிளகைக் கொல்வது பூச்சி அல்ல, வாடல். அடர்மழை நாட்களில் இலையில் ஓரம் பிசிறிய கரும்புள்ளிகள் தோன்றும். அல்லது எந்த அறிகுறியும் இல்லாமல் மண்ணை ஒட்டிய தண்டு கருக்கும். இலை பச்சையாக இருக்கும்போதே உதிரும், கணுக்கணுவாகத் தண்டு கழன்று விழும். இரண்டு மூன்று வாரத்தில் முழுக் கொடியும் போய்விடும். வயநாட்டில் செழித்திருந்த மிளகுத் தோட்டங்கள் எத்தனையோ இதனால் அழிந்திருக்கின்றன. பைட்டோப்தோரா கேப்சிசி என்ற நுண்ணுயிர்தான் காரணம். இது முதன்முதலில் கண்டறியப்பட்டது மிளகாய்ச் செடியில். வீட்டுத் தோட்டக்காரர் இதைக் கண்டிப்பாக நினைவில் வைக்க வேண்டும். மிளகாய், தக்காளி, கத்தரி இருந்த தொட்டி மண்ணை மிளகுக்குப் போடாதீர்கள், அவற்றைத் தூணின் அடியிலும் வளர்க்காதீர்கள்.

அழுகத் தொடங்கிய கொடியைப் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது. எல்லாம் முன்கூட்டிய வேலைதான். தண்டின் அடியில் தண்ணீர் நிற்காமல் மேடாக வைப்பது முதல் மருந்து. தரையிலிருந்து ஓரடி உயரம்வரை உள்ள இலைகளைக் கிள்ளிவிடுவது இரண்டாவது. மழைத்துளி மண்ணில் விழுந்து தெறிக்கும்போதுதான் நோய் இலைக்கு ஏறுகிறது. மழைக்காலம் தொடங்கும்போது கொடிக்கு 50 கிராம் டிரைக்கோடெர்மாவைத் தொழுவுரத்தோடு கலந்து அடி மண்ணில் இடுங்கள்.

நோய் அக்கம்பக்கத்தில் இருக்கிறது என்றால் மழைக்கு முன்பு ஒரு சத போர்டோ கலவை தெளிக்கலாம். 100 கிராம் மயில்துத்தத்தை ஐந்து லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை வேறொரு ஐந்து லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் வாளிதான் வேண்டும், இரும்பு ஆகாது. கலந்ததும் ஒரு பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும். மிஞ்சியதை எடுத்துவைக்கக் கூடாது. செம்பு டிரைக்கோடெர்மாவையும் கொல்லும் என்பதால் இரண்டுக்கும் இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

பூச்சிகளில் பொள்ளு வண்டு மணியைத் துளைத்து உள்ளே சக்கையாக்கும். செதில் பூச்சி தண்டில் அப்பிக்கொள்ளும். வேப்பெண்ணெய்க் கரைசலே வீட்டுக்குப் போதும்.

பறிப்பும் பக்குவமும்

ஆனியில் வந்த சரம் மார்கழி, தையில் முற்றும். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் முழுச் சரத்தையும் கிள்ளி எடுங்கள். எல்லாம் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் பறவைகள் முந்திக்கொள்ளும். சரத்தைக் கையால் உதிர்த்து, மணிகளைத் துணியில் கட்டி, கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துக் காயவைத்தால் ஒரே சீரான கருப்பு நிறம் வரும், அழுக்கும் போகும். பாயில் பரப்பி நல்ல வெயிலில் நாலைந்து நாள். பல்லில் கடித்தால் நசுங்காமல் 'டக்'கென்று உடைய வேண்டும். மூன்று கிலோ பச்சை மிளகு ஒரு கிலோவாகக் காயும்.

உயரமான மரத்தில் ஏறிய நல்ல கொடி ஒன்று ஆண்டுக்கு இரண்டு கிலோ உலர் மிளகுகூடத் தரும். இரண்டு மீட்டர் தூணில் அந்தக் கணக்கை எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் ரசத்துக்கும் பொங்கலுக்கும் சளிக் கஷாயத்துக்கும் கடைக்குப் போக வேண்டியிருக்காது. ஏழெட்டாம் ஆண்டில் காய்ப்பு உச்சத்துக்கு வரும். அழுகாமல் பார்த்துக்கொண்டால் 20 ஆண்டு நிற்கும்.

தூண் வைக்கவே இடமில்லை, பால்கனிதான் இருக்கிறது என்பவர்கள் தூணை மறந்துவிட்டுக் குற்று மிளகு வாங்கலாம். பக்கக் கிளையிலிருந்து எடுத்த புதர்ச்செடி அது. தொட்டியில் வளரும், சீக்கிரமே காய்க்கும். வாடலைத் தாங்கும் தென்னமெரிக்கக் காட்டு மிளகான கொலுப்ரினத்தின் மேல் ஒட்டுக்கட்டிய கன்று கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் அதற்கு அன்றாடம் தண்ணீர் தவறக் கூடாது.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. கன்றை முதலில் வாங்கிவந்து பையிலேயே வைத்துக்கொண்டு, தூணுக்குச் சாமான் தேடாதீர்கள். அதற்குள் கொடி தரையில் ஓடப் பழகிவிடும். இந்தக் கோடையிலேயே நார்க்கழிவை ஊறப்போடுங்கள், தூணை நிறுத்துங்கள், இரண்டு வாரம் தண்ணீர் ஊற்றி ஈரம் உச்சிவரை சீராக நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் மழைக்குக் கன்று வாங்கலாம்.